வண்டலூரில் மாறிய பின் அச்சு

(தாம்பரத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே புறப்பட்டால் இரும்புலியூர், அதற்கப்புறம் பெருங்களத்தூர், அடுத்து வண்டலூர். இன்று அந்த வழியில் கண்ணில் படுவது கண்ணாடி பதித்த கணினி அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் கிளாம்பாக்கம் போகிற பேருந்துகளும்தான். வயதில் மூத்தவர்களுக்கு மட்டும் அங்கே இன்னொன்று நினைவுக்கு வரும். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. முழுப்பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், ஹெரால்டு, கெஸல், கடைசியாக ஸ்டாண்டர்டு 2000 என்று 1980-களின் இறுதிவரை இந்த மண்ணில் கார் செய்த கம்பெனி அது.

அந்தத் தொழிற்சாலை 1972-இல் எடுத்த ஒரு முடிவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த ஆண்டு வந்த கார் கெஸல். எஞ்சின் ஹெரால்டில் இருந்த அதே 948 சி.சி. உடலும் பெரும்பாலும் ஹெரால்டின் உடல்தான். முகத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆனால் காருக்கு அடியில், பின்பக்கத்தில், ஒரு பெரிய மாற்றம். ஹெரால்டில் இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும். கெஸலில் இரண்டையும் ஒரே அச்சில் கோத்துவிட்டார்கள். தனித்தனிச் சக்கரம் நவீனம், ஒற்றை அச்சு பழசு என்றுதான் அன்றும் இன்றும் எல்லாரும் சொல்லுவார்கள். அப்படியானால் வண்டலூர்க்காரர்கள் புதியதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையதை மாட்டினார்கள் என்றுதானே ஆகிறது? அது பின்னடைவு என்று கார் பிரியர்கள் எழுதியும் பேசியும் வருகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்குப் பின் அச்சு என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம் வில் வண்டியிலிருந்தே தொடங்கலாம். மாட்டுவண்டியின் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்து வைத்தால் அது வில் வண்டி. அந்த அச்சு எடையைத் தாங்கினால் போதும், இழுப்பது மாடு. காரில் அப்படி இல்லை. எஞ்சின் முன்னால் இருந்து பின்சக்கரத்தை ஓட்டும் காரில் பின் அச்சுக்கு நாலு வேலை. எடையைச் சுமக்க வேண்டும். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விட வேண்டும். அதற்குத்தான் நடுவில் டிஃபரன்ஷியல். இத்தனையும் செய்துகொண்டே சக்கரத்தைத் தரைக்கு நிமிர்த்திப் பிடிக்கவும் வேண்டும். டயரின் முழு அகலமும் சாலையில் பதிந்திருந்தால்தான் பிடிப்பு. ஒன்றைச் சரியாகச் செய்யப் போனால் மற்றொன்று கெடும். எல்லா வகைப் பின் அச்சுகளும் இந்தச் சண்டைக்கு யாரோ ஒருவர் செய்துவைத்த சமாதானங்கள்தான்.

முதல் சமாதானம் லைவ் ஆக்ஸில். மெக்கானிக்குகள் ‘ஹவுசிங்’ என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கனத்த இரும்புக் குழாய், நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை, இரண்டு நுனியிலும் சக்கரம். அம்பாசடரில் அதுதான், பிரிமியர் பத்மினியிலும் அதுதான். நீளவாக்கில் இருபுறமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது பிளேட் கட்டு. இந்தப் பிளேட் கட்டு ஒரே ஆளாக எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். எடையைத் தாங்குகிறது, அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது, பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கிறது, எஞ்சின் முறுக்கும்போது ஹவுசிங் எதிர்ப்பக்கம் திரும்பாமலும் பிடிக்கிறது. பிளேட்டோடு பிளேட் உரசுவதால் குதிப்பும் கொஞ்சம் அடங்குகிறது. ஒரு பிளேட் முறிந்தால் திண்டிவனத்திலும் மாற்றலாம், திட்டக்குடியிலும் மாற்றலாம்.

குறை எங்கே? எடை. டிஃபரன்ஷியல், கிரவுன் பல்சக்கரம், ஷாஃப்ட், குழாய், பிரேக், சக்கரம் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகின்றன. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இவ்வளவு கனமும் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கால் முடியாது. அந்த உதை நேரே முதுகெலும்புக்கு வந்து சேரும். அதோடு, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும்.

இந்த இடத்தில் மாணவர்களுக்காக ஒரு சின்ன விலகல். லைவ் ஆக்ஸிலிலேயே இரண்டு வகை உண்டு. பெரும்பாலான கார்களில் ஷாஃப்ட்டே சக்கரத்தின் எடையையும் தாங்கும்; அதற்கு ‘செமி ஃபுளோட்டிங்’ என்று பெயர். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே வெளியே வரக்கூடும். லாரி, பேருந்துகளில் எடையைத் தாங்குவது ஹவுசிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிற ஹப்பும் பேரிங்கும்; ஷாஃப்ட்டுக்கு முறுக்குவது ஒன்றே வேலை. இது ‘ஃபுல் ஃபுளோட்டிங்’. தாம்பரம் பேருந்து நிலையத்தில் எந்த மாநகரப் பேருந்தின் பின்சக்கரத்தையும் பாருங்கள். நடுவில் துருத்திக்கொண்டு ஒரு வட்டத்தகடு, அதைச் சுற்றிப் போல்ட்டுகள். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால் ஜாக்கி வைக்காமலே ஷாஃப்ட்டை உருவி எடுத்துவிடலாம். ஏன் கார்களில் இதைச் செய்யவில்லை? எடையும் விலையும் கூடும், நாலு பேர் போகிற காருக்கு அது தேவையும் இல்லை. அச்சு வகையைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான். எது உயர்ந்தது என்ற கேள்வியே அங்கே கிடையாது. எவ்வளவு சுமைக்கு, என்ன விலையில், உடைந்தால் யார் கையில் என்பதே கேள்வி.

இப்போது ஹெரால்டுக்கு வருவோம். 1959 ஏப்ரலில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனி வெளியிட்ட கார். வடிவம் தீட்டியவர் இத்தாலியின் ஜொவானி மிக்கலோட்டி, பொறியியலுக்குத் தலைமை ஹாரி வெப்ஸ்டர். அந்தக் காலத்தில் மற்றவர்கள் உடலும் சேஸியும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருக்க, ஹெரால்டு மட்டும் தனிச் சேஸியின் மேல் தகடுகளைப் போல்ட் போட்டு இணைத்த காராக வந்தது. அவர்களுக்கு உடல் செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டதுதான் இதற்குப் பெரிய காரணம். முழு உடலை ஒரே இடத்தில் அடிக்க வழியில்லாமல் துண்டுதுண்டாக அடித்துச் சேர்த்தார்கள். நம் ஊருக்கு அது நல்லதாகவே முடிந்தது. தகடு அழுத்தும் பெரிய இயந்திரம் இல்லாத வண்டலூர்த் தொழிற்சாலைக்கும் அந்த முறை ஒத்துவந்தது. 1960-களின் தொடக்கத்தில் இங்கே ஹெரால்டு செய்யத் தொடங்கினார்கள். பிறகு நாலு கதவு வைத்ததும் இங்கேதான். பானட்டும் இருபக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இவ்வளவு அருமையாக மெக்கானிக்கை நினைத்துச் செய்த முன்பாகம் அந்தக் காலத்தில் வேறெந்தக் காரிலும் கிடையாது என்று நான் சொல்லுவேன்.

பின்பாகம்தான் வேறு கதை. டிஃபரன்ஷியலைச் சேஸியில் இறுக்கிவிட்டார்கள். அதன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், அதன் இரண்டு நுனியிலும் சக்கரம். டிஃபரன்ஷியலின் இருபுறமும் ஆளுக்கொரு ஷாஃப்ட். ஒவ்வொரு ஷாஃப்ட்டிலும் ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட், அதுவும் உள்பக்கம், டிஃபரன்ஷியலை ஒட்டி. வெளிப்பக்கத்தில் ஜாயிண்ட் கிடையாது. சக்கரம் ஷாஃப்ட்டோடு விறைப்பாக நிற்கும். ஆகையால் சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும், கதவு கீலில் திரும்புவது போல அந்த உள்ஜாயிண்ட்டைச் சுற்றித்தான் திரும்பும். இதுதான் ஸ்விங் ஆக்ஸில்.

இதில் கனமான டிஃபரன்ஷியல் ஸ்பிரிங்குக்கு மேலே போய்விட்டது. சக்கரத்தோடு துள்ளும் எடை குறைந்துவிட்டது. மேடுபள்ளத்தில் ஹெரால்டின் பின் இருக்கை அம்பாசடரைவிட அடக்கமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை விரலை மடக்கியே போட்டுவிடலாம். ஜாயிண்ட்டிலிருந்து சக்கரம்வரை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஐந்து சென்டிமீட்டர் ஏறினால் அது ஏறத்தாழ ஆறு டிகிரி சாயும். அதே கல்லில் ஒற்றை அச்சு ஏறினால்? ஹெரால்டின் இரு சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர். ஒருபக்கம் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால் அச்சு இரண்டு டிகிரிக்குச் சற்றுமேல் சாயும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் ஏறினால் மற்றதும் சாய்கிறது என்று லைவ் ஆக்ஸிலைக் குறை சொல்கிறோம். ஸ்விங் ஆக்ஸிலில் அடுத்த சக்கரம் சாயவில்லை, உண்மைதான்; ஆனால் ஏறிய சக்கரம் இரண்டு மடங்குக்கு மேல் சாய்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து அழுந்தும்போது, அதாவது காரில் ஆள் ஏறும்போது, லைவ் ஆக்ஸிலில் சாய்வு சுழி. ஸ்விங் ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு டிகிரி.

நம் ஊரில் கார் எப்படி ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். 1960-களில் ஒரு குடும்பத்துக்குக் கார் வாய்ப்பது அபூர்வம். கல்யாணத்துக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ புறப்பட்டால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மடியில் பிள்ளைகள், பின்னால் அண்டா குண்டா. ஸ்பிரிங் தழையும், பின்சக்கரங்களின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்து, கால் அகட்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். டயர் எளிதில் கிடைக்காத காலம் அது. இப்படி நிறைந்து ஓடும்போது ஒரு தொல்லை என்றால், காலியாக ஓடும்போது வேறொரு தொல்லை, அது இதைவிடப் பெரிது. ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்து வேகமாக வளைவில் திரும்புகிறார். வெளிச்சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. தள்ளும் இடம் தரை. சக்கரம் திரும்பும் ஜாயிண்ட் அதற்கு மேலே. ஆகவே அந்தத் தள்ளல் சக்கரத்தைக் காருக்கு அடியில் மடக்கப் பார்க்கும், காரின் பின்பக்கத்தை மேலே தூக்கிவிடும். தூக்கத் தூக்கச் சாய்வு கூடும், சாயச் சாயப் பிடிப்பு போகும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னே போய்ப் பின்பக்கம் இன்னும் எழும்பும்.

இது ஹெரால்டின் தனிக்குறை அன்று. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், பழைய மெர்சிடிஸ் கார்கள் என்று பெரிய பெயர்களெல்லாம் ஸ்விங் ஆக்ஸிலில் ஓடியவைதான். அமெரிக்காவில் 1960 மாடலாக வந்த ஷெவர்லே கார்வேர் இதனாலேயே வழக்குகளில் சிக்கியது. ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீடு’ நூலின் முதல் இயல் அந்தக் காரைப் பற்றியதுதான். சாதாரண வேகத்தில் நிதானமாக ஓட்டியவர்களுக்கு இந்தக் கார்கள் எதுவும் கெடுதல் செய்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஓட்டுநர் திகைத்து நிற்கிற நொடியில் கை கொடுப்பதுதான் நல்ல அச்சு. ஸ்விங் ஆக்ஸில் அந்த நொடியில் காலை வாரிவிடுகிறது. என் மனம் இதை ஏற்பதே இல்லை.

பழுது பார்ப்பதற்கும் வருகிறேன், ஏனென்றால் கெஸலின் பிறப்புக்கு அது முக்கியக் காரணம். ஹெரால்டின் பின் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டுமானால் காருக்குள்ளே இருந்து டிஃபரன்ஷியலுக்கு மேலுள்ள மூடியைத் திறக்க வேண்டும். இழுத்துக் கட்டிய ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். சக்கர ஹப் கூம்பு வடிவ ஷாஃப்ட்டில் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். அதை உருவக் கனத்த புல்லர் வேண்டும். சாதாரணச் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்திருந்த பட்டறைக்காரர் இதற்கு அஞ்சியதில் வியப்பில்லை. ஊரிலிருந்த கார்களில் பெரும்பாலானவை அம்பாசடரும் ஃபியட்டும். அவர் கை அந்த ஹவுசிங்குக்குப் பழகியிருந்தது. ஹெரால்டின் பின் அச்சைக் கார் வாங்கியவர்களும் விரும்பவில்லை, மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. அந்தப் பேச்சு கம்பெனியின் காதுக்குப் போனது, கெஸல் பிறந்தது.

“நம் மெக்கானிக்குகளுக்குப் புதுமை பிடிக்காது, அதனால்தான் ஹெரால்டின் அச்சு தோற்றது” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது தவறு. வெளியே போய் ஓர் ஆட்டோவைப் பாருங்கள். பஜாஜ் ஆட்டோவின் பின்சக்கரங்கள் தனித்தனியாகத்தான் ஏறி இறங்குகின்றன. எஞ்சினும் டிஃபரன்ஷியலும் உடலோடு இறுக்கப்பட்டிருக்கின்றன, சக்கரத்துக்கு ஆளுக்கொரு ஷாஃப்ட் போகிறது. மூணு பேர் ஏற வேண்டிய இடத்தில் ஆறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் எல்லா வேகத்தடையும் ஏறி இறங்குகிறது. தெருமுனை மெக்கானிக் அதை மண்ணில் உட்கார்ந்தபடியே பிரித்துக் கோக்கிறார். தனித்தனிச் சக்கரத்தை நம்மவர் வெறுக்கவில்லை. ஆட்டோவில் சக்கரம் தொங்குவது முன்னிருந்து பின்னோக்கி வரும் ஒரு கையில். அதனால் ஏறி இறங்கும்போது சாய்வதில்லை. உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இந்த இரண்டும் ஹெரால்டுக்கு வாய்க்கவில்லை, அதுதான் விஷயம்.

ஆக, கெஸலின் லைவ் ஆக்ஸிலை நான் ஒரு தெளிந்த முடிவாகவே பார்க்கிறேன். பின் இருக்கையின் சொகுசு போயிற்று. அது இழப்புதான், மறுப்பதற்கில்லை. அதற்குப் பதிலாகச் சக்கரம் நிமிர்ந்து நின்றது, டயர் நேராகத் தேய்ந்தது, வளைவில் கார் திடீரென்று குணம் மாறவில்லை, எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்க முடிந்தது.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. கவென்ட்ரியிலேயே இருந்தது. 1968-இல் வந்த ட்ரையம்ஃப் ஜி.டி.6 காரின் இரண்டாம் வகையில் சக்கரத்துக்கு அடியில் அதைப் பிடிக்க விஷ்போன் என்ற ஒரு கை சேர்த்து, ஷாஃப்ட்டில் ரப்பர் இணைப்பு வைத்துச் சாய்வை அடக்கினார்கள். நல்ல தீர்வு, செலவு அதிகம். 1970-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் நாலாம் வகைக்கு இன்னும் எளிய ஒரு வழி கண்டார்கள். குறுக்கு ஸ்பிரிங்கின் எல்லாப் பிளேட்டையும் டிஃபரன்ஷியலில் இறுக்காமல், அடிப் பிளேட்டை மட்டும் இறுக்கிவிட்டு மற்றவற்றை நடுவில் ஆட விட்டார்கள். கார் ஒருபக்கம் சாயும்போது ஸ்பிரிங் எதிர்க்காமல் கூடவே ஆடும். சக்கரம் மடங்குவது பெருமளவு நின்றுபோகும். செலவோ மிகக் குறைவு. வண்டலூரில் இதைச் செய்திருக்கலாமே என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் நெடுநாளாக உண்டு. ஆனால் அது வளைவுத் தொல்லையைத்தான் தீர்த்திருக்கும். சுமை ஏறினால் சக்கரம் அகட்டி நிற்பதையும் பட்டறைத் தொல்லையையும் தீர்த்திருக்காது. எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் கெஸலின் பக்கமே என் தராசு சாய்கிறது.

அதே வண்டலூரில் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அந்தக் கார் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1-இன் உடலும் பழைய வேன்கார்டு எஞ்சினும் சேர்ந்தது. பொருந்தாத ஜோடி, விலையும் அதிகம், பெட்ரோலும் குடித்தது. 1988-இல் முடிந்துபோயிற்று. எனக்கு அதில் முக்கியம் ரோவர்க்காரர்களின் பின் அச்சுச் சிந்தனை. எஸ்.டி.1-க்கு முந்தைய ரோவர் பி6-இல் டி டியான் அச்சு இருந்தது. டிஃபரன்ஷியல் உடலில், இரு சக்கரங்களையும் இணைக்க எடை குறைந்த தனிக்குழாய். சக்கரம் நிமிர்ந்தும் நிற்கும், துள்ளும் எடையும் குறையும். லைவ் ஆக்ஸிலின் நன்மையும் தனித்தனிச் சக்கரத்தின் நன்மையும் ஒன்றாய்ச் சேர்ந்தது. விலை மட்டும்தான் இடித்தது. 1964-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அந்த பி6-க்குத்தான் கிடைத்தது. அடுத்த காரை வடிவமைக்கும்போது அதே கம்பெனி அந்த அருமையான அச்சைக் கைவிட்டு லைவ் ஆக்ஸிலுக்கே திரும்பியது. ஆனால் பழையபடி அல்ல. காயில் ஸ்பிரிங் வைத்தார்கள், அச்சு பக்கவாட்டில் நகராமலிருக்க வாட்ஸ் லிங்கேஜ் வைத்தார்கள். எஸ்.டி.1 அதே விருதை 1977-இல் வாங்கியது. பழைய வகை அச்சைச் சரியாகக் கட்டிப்போட்டால் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வாட்ஸ் லிங்கேஜ் என்றேன். நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட் 1784-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பிஸ்டன் தண்டு நேர்கோட்டில் ஏறி இறங்குவதற்காக அவர் கண்டது. இரண்டு நீளக் கம்பி, நடுவில் சுழலும் ஒரு குட்டைக் கம்பி. அந்தக் குட்டைக் கம்பியின் நடுப்புள்ளி கிட்டத்தட்ட நேராகவே நகரும். அந்தப் புள்ளியை அச்சோடு சேர்த்தால் அச்சு நேராக ஏறி இறங்கும், பக்கம் ஓடாது. இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் நம் ஜி.எஸ்.டி. சாலையில் அது உயிரோடிருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2016-இலிருந்து செய்த எண்டெவரின் பின் அச்சு, காயில் ஸ்பிரிங்கும் வாட்ஸ் லிங்கேஜும் கொண்ட லைவ் ஆக்ஸில். அதற்கு முந்தைய எண்டெவரில் லீஃப் ஸ்பிரிங். அந்த ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022-இல் வெளியே போனது. அதே 2022-இல், இன்னும் சற்றுத் தெற்கே செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா ரிசர்ச் வேலியில் உருவாக்கப்பட்ட ஸ்கார்பியோ என் வந்தது. அதற்கும் லைவ் ஆக்ஸில், அதற்கும் வாட்ஸ் லிங்கேஜ். ஏழு பேர் ஏறுவார்கள், கரடுமுரடில் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. அதே இடத்தில் உருவான எக்ஸ்.யு.வி.700-க்கு மல்டிலிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகப் பல கம்பிகள் பிடிக்கும் அமைப்பு. ஒரே கூரையின் கீழ் ஒரே கம்பெனி, ஒன்றுக்கு ஒற்றை அச்சு, இன்னொன்றுக்குத் தனித்தனிச் சக்கரம். எது நவீனம் என்று அவர்களிடம் போய்க் கேட்க முடியுமா?

இன்று நீங்கள் ஓட்டும் கார்களில் பெரும்பான்மைக்கு எஞ்சின் முன்சக்கரத்தைத்தான் ஓட்டுகிறது. பின் அச்சுக்குச் சுழற்றும் வேலை இல்லை. அங்கே அரசாள்வது ட்விஸ்ட் பீம். 1974-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் மூலம் பரவியது. இரண்டு கைகள், நடுவே திறந்த வாயுள்ள ஒரு எஃகுத் தூலம். வளையாது, ஆனால் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கே இரண்டு சக்கரத்துக்கும் ஓரளவு தனித்தனி நடமாட்டம் தருகிறது. உடலோடு சேருமிடத்தில் இரண்டே ரப்பர் புஷ்கள். டிக்கிக்கு இடம் மிஞ்சும், எடை குறைவு, விலை குறைவு. இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் கிரெட்டாவிலும் இதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேகமான வளைவில் புஷ்கள் நெகிழ்ந்து வெளிச்சக்கரம் லேசாக வெளியே திரும்பப் பார்க்கும், அதுதான் குறை. 1998-இல் ஃபோர்டு ஃபோகஸ் மல்டிலிங்கோடு வந்து ஐரோப்பாவை வியக்க வைத்ததும், 2003-இல் கோல்ஃபும் மல்டிலிங்குக்கு மாறியது. 2012-இல் வந்த கோல்ஃபில் திறன் குறைந்த எஞ்சின்களுக்கு மறுபடியும் ட்விஸ்ட் பீம்! கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் திரும்பினார்கள்.

ஒரகடத்தில் செய்த ரெனோ டஸ்டரில் இந்தக் கணக்கு பச்சையாகவே தெரியும். முன்சக்கர ஓட்டத்துக்கு ட்விஸ்ட் பீம், டிக்கி 475 லிட்டர். நாலு சக்கர ஓட்டத்தில் பின்னால் டிஃபரன்ஷியல் உட்கார வேண்டும், அங்கே தூலம் குறுக்கே கிடக்க முடியாது. ஆகவே தனித்தனிச் சக்கரம். டிக்கி 410 லிட்டர் அளவுக்குச் சுருங்கியது. வாங்குகிறவருக்கு என்ன போகிறது, என்ன வருகிறது என்பது லிட்டர் கணக்கிலேயே நிற்கிறது. விற்பனையகங்களில் தொடுதிரையின் அளவை அங்குலத்தில் சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆறு வருடம் கழித்துப் புஷ் மாற்றுகிற செலவும், அலைன்மென்ட் பிசகினால் டயருக்கு ஆகிற செலவும் அந்தத் தேர்விலிருந்துதான் வருகின்றன. ட்விஸ்ட் பீமில் இரண்டு புஷ். மல்டிலிங்கில் ஒரு பக்கத்துக்கே அதைவிடப் பல மடங்கு.

யாராவது என்னிடம் வாடகைக் கார் ஓட்ட, தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கும் விமான நிலையத்துக்கும் தினம் அலைய என்ன வாங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் ட்விஸ்ட் பீம் கார் என்பேன். ஏழு பேரோடு கொல்லிமலை ஏறுகிறவருக்கு நன்றாகக் கட்டிய லைவ் ஆக்ஸில். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நிறைய ஓடுகிறவர், பராமரிப்புக்குச் செலவிட முடிந்தவர், மல்டிலிங்க் வாங்கட்டும். அந்தப் பின் இருக்கையில் உட்காருகிற வயதானவர்களுக்கு வித்தியாசம் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949-இல் தொடங்கிய காலத்திலிருந்தே ஆட்டோமொபைல் பொறியியல் பாடம் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் நாளை இந்தத் தேர்வைச் செய்யப்போகிறவர்கள். அவர்களுக்காக இன்னும் ஒன்று.

ஹெரால்டைக் கெடுத்தது தனித்தனிச் சக்கரம் என்ற எண்ணமே அல்ல. ஒவ்வொரு ஷாஃப்ட்டிலும் ஒரு ஜாயிண்ட் குறைந்துபோனதுதான். வெளிப்பக்கம் இன்னொரு ஜாயிண்ட் இருந்திருந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சாய்ந்திருக்காது. விஷ்போன் கொண்டு நிமிர்த்திப் பிடித்திருக்கலாம். 1959-இல் சின்னக் காருக்கு அந்த இரண்டாவது ஜாயிண்ட் கட்டுப்படியாகவில்லை. அதே 1959 ஆகஸ்டில் வந்த மினி கார்தான், முன்சக்கரத்தை ஓட்டுவதற்காக, மடங்கினாலும் சீரான வேகத்தில் சுழற்றும் சி.வி. ஜாயிண்ட்டைப் பெரும் எண்ணிக்கையில் செய்ய வைத்தது. பிறகு உலகம் முழுக்க முன்சக்கர ஓட்டக் கார்கள் பெருகின, ஜாயிண்ட் விலை இறங்கியது. இன்று நம் தெருவில் நிற்கும் எந்தச் சின்னக் காரின் முன்னாலும் ஒரு ஷாஃப்ட்டுக்கு இரண்டு ஜாயிண்ட் இருக்கிறது. பிய்ந்த ரப்பர் பூட்டை மாற்ற எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும்.

மின்சாரக் கார்கள் வந்ததும் ஓட்டம் மறுபடியும் பின்சக்கரத்துக்கு வருகிறது. மகிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ இரண்டும் புனே பக்கத்துச் சாகனில் தயாராகின்றன. உருவாக்கியது நம் செங்கல்பட்டுப் பக்கம். மோட்டார் பின்னால், உடலோடு இறுக்கப்பட்டிருக்கிறது. சக்கரங்கள் தனித்தனி, பின்பக்கம் மல்டிலிங்க். கனத்த மோட்டாரைச் சக்கரத்தோடு துள்ள விட முடியாது என்பதால் இங்கே லைவ் ஆக்ஸில் பொருந்தாது. ஹெரால்டில் டிஃபரன்ஷியல் இருந்த இடத்தில் இன்று மோட்டார் இருக்கிறது, சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் ஒவ்வொன்றிலும் இரண்டு ஜாயிண்ட் இருக்கிறது. இனி நீங்கள் கணக்குப் போட வேண்டியது அடியில் பரந்து கிடக்கிற பேட்டரியின் கனத்துக்கு. அந்தக் கனத்தைத் தாங்கும் புஷ்கள் முடிச்சூர் சாலையில் எத்தனை மழைக்காலம் நிற்கும், மாற்ற வேண்டி வந்தால் எந்தப் பட்டறையில் கருவி இருக்கும் என்பதற்கு.